நிற்கத் தெரிந்த வண்டி

குளிர்காலத்தில் ஸ்பிட்டிக்குப் போக ஒரே ஒரு சாலைதான் மிஞ்சும். மணாலிப் பக்கமிருந்து வரும் வழியில் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிற குன்ஸும் கணவாய், பனி விழத் தொடங்கி மூடிக்கொண்டால் மறுபடி திறக்க மே மாதமோ ஜூனோ ஆகிவிடும். மிஞ்சுவது சிம்லாவிலிருந்து புறப்படும் வழி. குஃப்ரி, நார்கண்டா தாண்டி ராம்பூரில் சட்லஜ் கரையைத் தொட்டு, ரெக்காங் பியோ வழியாக ஏறி, காப் என்ற இடத்தில் சட்லஜை விட்டு ஸ்பிட்டி ஆற்றோடு திரும்பி, நாக்கோ, தாபோ என்று போய்க் காஸாவில் முடிகிற சாலை. மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். திபெத் எல்லையை ஒட்டிப் போவதால் எல்லைச் சாலை அமைப்பின் இயந்திரங்கள் பனியைத் தள்ளித் தள்ளி இதைத் திறந்து வைத்திருக்கின்றன. ஸ்பிட்டி மக்களுக்குக் காய்கறி, மண்ணெண்ணெய், மருந்து, மருத்துவமனை எல்லாம் இந்த ஒரு கோட்டின் வழியாகத்தான்.

பிப்ரவரியில் அந்த வழியாகப் போனோம், நானும் என் மனைவியின் தம்பியும். கின்னோர் மாவட்டத்தில் சட்லஜ் மேல் இருக்கும் நீர்மின் திட்டம் ஒன்றில் அவன் பொறியாளராக இருக்கிறான். மனைவியையும் சின்ன மகளையும் ராம்பூரில் குடிவைத்திருக்கிறான். பனிக்காலத்திலும் குடும்பத்தோடு மேலே கீழே போய்வர ஒரு எஸ்.யு.வி. வேண்டும் என்று முடிவுசெய்து, ஷோரூம்களில் வாங்கிய விளம்பரத் தாள்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். அத்தனை தாளிலும் பனி இருந்தது, வண்டி அதைச் சிதறடித்துக்கொண்டு பாய்ந்தது. “முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி காஸா வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வருவோம். அங்க குளிர்காலம் பூரா எது ஓடுது, ஏன் ஓடுதுன்னு பாத்துட்டு வாங்கு” என்றேன். சிம்லாவுக்கு வந்து என்னைச் சேர்ந்துகொண்டான். பியோ வரை இமாசல அரசுப் பேருந்து. அதற்கு மேல், காஸாக்காரர் ஒருவரின் பழைய ஜிப்ஸி.

நார்கண்டா 2,700 மீட்டர். அதை நெருங்கும்போது தேவதாரு மரங்களின் நிழல் நாள் முழுக்கச் சாலையைவிட்டு விலகாத வளைவுகள் வரும். வெயில் படும் இடமெல்லாம் கறுப்பாக, ஈரமாக, பார்க்க நல்ல தார்ச்சாலை. நிழலுக்குள் நுழைந்ததும் அதே கறுப்பு. ஆனால் அது பனிக்கட்டி. தாரின் நிறம் தெரியும்படி கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிடக்கும் அதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். அப்படி ஒரு வளைவில் புத்தம்புதிய பெரிய எஸ்.யு.வி. ஒன்று மலைப்பக்கக் கால்வாய்க்குள் மூக்கைச் செருகி நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். உள்ளே இருந்தவர்கள் வெளியே இறங்கிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அடியில்லை. மறுபக்கம் சரிந்திருந்தால் பள்ளம். எங்கள் பேருந்து, பின்சக்கரங்களில் சங்கிலி கட்டிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் அதைக் கடந்தது. பின்னாலேயே சங்கிலி மாட்டிய இரண்டு ஆல்ட்டோ கார்கள் வந்தன.

“அது ஃபோர் பை ஃபோர்தானே அத்தான்?” என்றான் அவன்.

எனக்குத் தெரிந்து, மலைக்கு வண்டி வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. இன்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும், ஏற்றம் ஏறும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் என்பது மிகச் சாதாரணமான காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்துவது ரப்பருக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற பிடிப்பு. 40 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தாரில் பிரேக் மிதித்தால் வண்டி எட்டு மீட்டர் வாக்கில் நின்றுவிடும். அழுந்திய பனியில் அதற்கு 25 மீட்டர் போல வேண்டும். பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். மலைச்சாலையில் அடுத்த வளைவு 60 மீட்டர் தள்ளி இருப்பதில்லை. ஃபோர் வீல் டிரைவ் இருப்பதனால் வண்டி பனியில் சிரமமில்லாமல் வேகம் எடுத்துவிடுகிறது. ஓட்டுபவருக்குச் சாலை வழுக்குகிறது என்ற செய்தியே வந்து சேர்வதில்லை. முதல் பிரேக்கில்தான் வருகிறது. கனமான வண்டி என்றால் வளைவில் அது நேராகப் போகவே விரும்பும். இரண்டரை டன் எடையை ஒரு பனித்தகட்டின் மேல் திருப்புவது எளிதான வேலை இல்லை.

வெப்பநிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. பனிக்கட்டி மிகவும் குளிர்ந்திருக்கும்போது ஓரளவு பிடிப்பு கொடுக்கிறது. பூஜ்யம் டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய ஈரம் படர்ந்திருக்கும்போதுதான் மிக மோசமாக வழுக்கும். பகலில் உருகிச் சாலைக்குக் குறுக்கே ஓடிய நீர் சாயங்காலம் மறுபடி இறுகும். அதனால் மூன்று மணிக்கு மேல் ஸ்பிட்டிக்காரர்கள் வண்டியை எடுக்கத் தயங்குகிறார்கள். பியோவில் எங்களை ஏற்றிக்கொண்ட ஓட்டுநரும், எங்கே இருந்தாலும் நாலு மணிக்குள் படுக்கைக்கு இடம் பார்த்துவிட வேண்டும் என்பதைத்தான் முதல் பேச்சாகச் சொன்னார்.

ஐம்பது வயதுக்காரர். ஜிப்ஸியைக் காட்டும்போது அவர் பானட்டைத் திறக்கவில்லை. குனிந்து டயரில் கை வைத்தார். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தன. பனியில் இழுவைச் சோதனை செய்து தேறிய டயருக்குத்தான் அந்தக் குறி கிடைக்கும். ‘எம் ப்ளஸ் எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ளங்கள் வெட்டியிருக்கிறோம் என்று தயாரிப்பவர் சொல்கிறார், அவ்வளவுதான். சோதனை எதுவும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டியதில்லை. சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் செய்யப்படுகிற டயர்கள் பெரும்பாலும் நம் வெயிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் ஏற்றவை. சென்னை மே மாதத்தில் உருகாமல் உழைக்கும் அதே குணம் காஸாவின் ஜனவரியில் எதிரியாகிறது. குளிருக்கென்றே செய்த ரப்பர் உறைநிலைக்குக் கீழேயும் மென்மையாக இருந்து, ஊசி முனையளவு மேடு பள்ளத்தையும் கவ்விக்கொள்கிறது. இந்தியாவில் முழுமையான பனி டயர் கிடைப்பது அரிது. ஆனால் ஆல் டெரெய்ன் வகையில் சில இந்த மலைக்குறியோடு வருகின்றன, தேடி வாங்கலாம். மச்சினன் அதுவரை அனுப்பிய எந்தத் தாளிலும் டயரைப் பற்றி அளவைத் தவிர ஒரு வார்த்தைகூட இல்லை.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்த வண்டி. 2019 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடல், நான்கு பக்கமும் பட்டை வில், முன்னும் பின்னும் வளையாத இரும்பு அச்சு, 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். எடை ஆயிரம் கிலோவை ஒட்டித்தான். ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியது. மலையில் காலந்தள்ளிய வண்டிகள் பின்னர் தனியார் கைக்கு வந்தன. சொகுசு என்று ஒன்றும் கிடையாது, பியோவிலிருந்து பூ என்ற ஊர் வரும் முன்பே என் முதுகு அதைச் சொல்லிவிட்டது. ஆனால் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது கம்பிதான் இந்தக் கட்டுரையின் மையம்.

அதை ‘டூ ஹை’யில் வைத்தால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். ‘ஃபோர் ஹை’யில் நான்கும். ‘ஃபோர் லோ’வில் நான்கும் இழுப்பதோடு, இடையே இன்னொரு பல்சக்கரம் புகுந்து வேகத்தை வெகுவாகக் கீழே இறக்கி, விசையை அந்த அளவுக்குப் பெருக்கும். முதல் கியரில் கிளட்சை விட்டுவிட்டால் ஆக்சிலரேட்டர் தொடாமலே வண்டி ஒரு ஆள் நடக்கும் வேகத்தில் ஏறும். இறக்கத்திலும் அதே வேகத்துக்கு மேல் போகாது. இதற்கு விலையும் உண்டு. இந்த வகை வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாகப் பிணைக்கப்படுகின்றன. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான தூரம் போக வேண்டும். பனியிலும் மண்ணிலும் சற்று வழுக்கி அந்த வித்தியாசம் சரியாகிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாததால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கனக்கும், நாளடைவில் உடையும். அதனால் எங்கள் ஓட்டுநர் நிழல் வளைவு வரும் முன் கம்பியைத் தள்ளுவார், வெயில் வந்ததும் இழுப்பார். அவர் கை அதைத் தன்பாட்டில் செய்துகொண்டிருந்தது.

சாலையைப் பார்த்து ஆட்டோமேட்டிக்காகப் பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் ஆல் வீல் டிரைவ் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் வகையில் ‘ஸ்னோ’ என்று தனியாக ஒரு நிலையே உண்டு. சிம்லாவில் குடியிருந்து, பனி விழுந்த நாளில் அலுவலகம் போய்வர அது போதும், நன்றாகவே போதும். அவற்றில் ‘லோ’ கிடையாது. வழி முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் அந்த வித்தியாசம் தெரியவரும்.

காப் தாண்டியபின் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் மலைமேல் ஏறி நாக்கோவுக்குப் போகிறது, 3,600 மீட்டருக்கு மேல். மரமே இல்லாத பழுப்பு மலை. எங்கோ கீழே ஸ்பிட்டி ஆறு பச்சைக் கோடாக. நாக்கோவை அடுத்த மாலிங் நாலா பேர்போன இடம். கோடையில் நீரும் கல்லும் சரிந்து சாலையையே எடுத்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் அந்த நீர் அப்படியே உறைந்து, சாலைக்குக் குறுக்கே சாய்வான பனிமேடையாகக் கிடந்தது. சாய்வு பள்ளத்தாக்கின் பக்கம். ஓட்டுநர் வண்டியை நூறடி முன்னாலேயே நிறுத்திவிட்டு இறங்கி, அதன் மேல் நடந்து அக்கரை வரை போய்த் திரும்பினார். பிறகு பின்னாலிருந்து மணல் மூட்டையையும் சங்கிலியையும் இறக்கினார்.

சங்கிலி மாட்டுவதை நான் அருகிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. தரையில் முறுக்கில்லாமல் விரித்து, சக்கரத்தின் மேல் போர்த்தி, முதலில் உட்பக்கக் கொக்கி, அப்புறம் வெளிப்பக்கம், கடைசியாக இறுக்கும் வளையம். கையுறையோடு கொக்கி பிடிபடாது. கழற்றினால் விரல் மரத்துப்போகும். மச்சினன் ஒரு சக்கரத்துக்கு மாட்டிப் பார்த்தான், இரண்டாவது கொக்கியிலேயே விரல்களை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றான். “வாங்கின அன்னைக்கே, வெயில்ல, காஞ்ச தரையில பத்துத் தடவை மாட்டிக் கழட்டிப் பழகிடணும், இன்ஜினியர் சாப்” என்றார் ஓட்டுநர். சிறிது தூரம் போய் மறுபடி இறங்கி இறுக்கினார். பனிமேடையின் மேல் மணலைத் தூவி, ஃபோர் லோவில், மலைப்பக்கச் சக்கரங்களை மலையோடு ஒட்டவைத்து ஓட்டினார். இரும்பு பனியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு இடத்தில் ஒரு சாண் அளவு பக்கவாட்டில் நகர்ந்தது. அவர் பிரேக்கைத் தொடவில்லை, ஆக்சிலரேட்டரைத் துளி கொடுத்தார், சங்கிலி மறுபடி பிடித்தது. அக்கரை போய்ச் சங்கிலியைக் கழற்றும்போதுதான் நான் மூச்சு விட்டேன். தாரில் சங்கிலியோடு ஓடினால் சங்கிலியும் அறும், டயரும் கிழியும் என்பதால் கழற்றியே ஆக வேண்டும். இந்தப் போடுதலும் கழற்றுதலும் அந்தப் பாதையில் திரும்பத் திரும்ப நடந்தது.

தாபோவில் 996-ல் கட்டிய மடாலயம் இருக்கிறது. அதன் மண்சுவர் ஓவியங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே விட்டுவிடுகிறேன்.

காஸாவின் காலைகள் வண்டிகளைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தன. இரவில் மைனஸ் 20 டிகிரி வரை போகிறது. வீடுகளில் புகாரி என்ற இரும்பு அடுப்பைச் சுற்றித்தான் வாழ்க்கை. குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுவதால் வாளியில் வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் வண்டியின் வைப்பர்கள் கண்ணாடியைத் தொடாமல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன. யாரும் ஹேண்ட் பிரேக் போடவில்லை. போட்டால் ஈரத்தோடு இறுகிக் காலையில் விடாது. கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் பேட்டரி தன் சக்தியில் பாதியைத்தான் தரும், அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுழற்றவே அதிகச் சக்தி கேட்கும். 20 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. அடைத்த டயர் காற்று, மைனஸ் 20-ல் 24-க்கு இறங்கியிருக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து விரிந்து உடைத்துவிடும். சரிபாதி கூலண்ட் கலந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை.

டீசல் வண்டிக்காரர்களின் காலைதான் கடினமானது. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் படிகமாகி ஃபில்டரை அடைத்துவிடுகிறது. ஒரு பிக்கப் வண்டிக்குக் கீழே தகரத்தில் நெருப்பு மூட்டி டாங்கியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே பயமாக இருந்தது, வேறு வழியில்லை என்றார்கள். சிலர் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். லடாக்குக்காக 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைப் பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கொண்டுவந்தது. அது போன்ற எரிபொருள் எட்டும் இடமென்றால் கவலை குறையும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11-லேயே உறைந்துவிடும். அதைச் சூடாக்க வண்டியிலேயே ஏற்பாடு உண்டு, ஆனால் சூடாக்க வேண்டியவற்றின் பட்டியல் அப்படியே நீள்கிறது.

எங்கள் ஜிப்ஸி பெட்ரோல் வண்டி. சாவியைத் திருப்பி, நின்று, மறுபடி திருப்பியதும் உறுமியது. பெட்ரோலுக்கு வேறு குறை. காஸா பெட்ரோல் பங்க்கில் 3,740 மீட்டர் உயரம் என்று பெருமையோடு பலகை வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்திலும் அதற்கு மேலும் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் விசையும் அந்த அளவு குறைந்துவிடும். டர்போ டீசல்கள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் ஏற்றத்தில் அவ்வளவு திணறுவதில்லை. மேலே ஏறுகிற நேரமெல்லாம் டீசலுக்கு ஓட்டுப்போடத் தோன்றும், விடிகாலையில் பெட்ரோலுக்கு.

காஸாவிலிருந்து ஒரு நாள் இன்னும் மேலே ஏறினோம். ஹிக்கிம் கிராமத்தின் அஞ்சலகம் 1983-லிருந்து இயங்குகிறது, 4,400 மீட்டரில். அதற்கும் மேலே கோமிக் கிராமம், 4,587 மீட்டர். அங்கே போகும் வழியில் பனி முழங்கால் அளவு. நடுவில் சக்கரத்தடம் மட்டும் வெட்டியிருந்தது. அந்தத் தடத்தில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டிருந்தது. குறுக்கே இறங்கியதில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் அதற்கு எதிர்மூலைச் சக்கரமும் பிடிப்பில்லாமல் சுழன்றன, மற்ற இரண்டும் அசையவே இல்லை. ஒவ்வொரு அச்சின் நடுவிலும் இருக்கிற டிஃபரன்ஷியல், பள்ளம் கண்ட பக்கம் ஓடும் நீரைப் போல, எந்தச் சக்கரம் எளிதில் சுழலுமோ அதற்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். ஃபோர் வீல் டிரைவ் என்று பெயரிருந்தும் வண்டி நகராமல் நிற்பது இப்படித்தான். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, அச்சின் இரு சக்கரங்களையும் பூட்டிவிடும் டிஃப் லாக். ஃபோர்ஸ் கூர்க்காவில் அது முன் பின் இரண்டு அச்சிலும் உண்டு, ‘தார்’ என்ற எஸ்.யு.வி.யின் சில வகைகளில் பின்னச்சில் உண்டு. இன்னொன்று, வெறுமனே சுழலும் சக்கரத்தை மட்டும் தானே பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளும் மின்னணு ஏற்பாடு. ஜிம்னியில் இருப்பது இது. முதலாவது உறுதி. இரண்டாவது ஓட்டுபவரிடம் எதையும் கேட்காமல் வேலை செய்யும். எங்களிடம் இரண்டுமில்லை, மண்வெட்டியும் கயிறும் இருந்தன. அரைமணி நேரம் தோண்டினோம், ஜிப்ஸி பின்னுக்கு இழுத்தது, வண்டி வெளியே வந்தது.

கோமிக்கிலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு இரண்டு கால்களையும் எடுத்து உட்கார்ந்துகொண்டார். இன்ஜினின் அழுத்தமே வண்டியைப் பிடித்து வைத்தது. நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் போகும் அந்தப் பிடிப்பு, ஒரு சக்கரத்தை மட்டும் பூட்டி வழுக்கவிடாது. ஒரு வளைவில் பின்பக்கம் வெளியே போகத் தொடங்கியது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவர் ஸ்டியரிங்கை வழுக்கும் திசைக்குக் கொஞ்சம் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டார், சக்கரம் மறுபடி உருண்டு தரையைப் பிடித்தது. மச்சினன் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளை நிறுத்திவிட்டான். காஸா வரும் வரை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

காஸா கடைத்தெருவின் கீழ்ப்பக்கம் ஒரு பட்டறை. அங்கே டீயோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் கையில் பட்டை வில் ஒன்றைப் பிரித்துக்கொண்டே பேசினார். வில் உடைந்தால், கிளட்ச் தேய்ந்தால், ரேடியேட்டர் ஒழுகினால், ஸ்டார்ட்டர் சுழலாவிட்டால் அன்றைக்கே சரிசெய்து அனுப்புகிறார். சென்சார் ஒன்று தப்பாகச் சொல்லி, கம்ப்யூட்டர் வண்டியின் விசையைக் கட்டிவைத்துவிட்டால் அவரால் செய்யக்கூடியது குறைவு. அதைப் படிக்கும் கருவி வேண்டும், உதிரிப் பாகம் மலையேறி வர வேண்டும், சாலை மூடியிருந்தால் வாரங்கள். அப்படிக் காத்துக்கொண்டிருந்த ஒரு விலையுயர்ந்த வண்டி வாசலில் பனிமூடி நின்றது. நல்ல வண்டிதான், சமவெளியில் அது பத்து வருஷம் தொல்லை தராமல் ஓடும். நம்பகம் என்பதை வண்டியின் குணமாக மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்டோம். அது வண்டிக்கும் ஊருக்கும் இடையில் இருக்கிற உறவு என்று அந்தப் பட்டறையில்தான் எனக்குத் துலங்கியது. எந்த வண்டியை எந்தத் தெருவில் யாருடைய கை திறக்க முடியும் என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

திரும்பும் வழியில் தாபோவில் புகாரிக்குப் பக்கத்தில் அமர்ந்து அவனுடைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டோம். சில உடனே போய்விட்டன. 2023 ஜனவரியில் தார் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் வந்தது. வெளித்தோற்றம் அதேதான், விலை குறைவு. நகரத்தில் ஓட்டுபவருக்கு அதில் குறையில்லை. பனிக்கு வாங்குபவர், முன்பதிவுத் தாளில் ‘ஃபோர் பை ஃபோர்’ என்று அச்சிட்டிருப்பதைத் தன் கண்ணால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். தோற்றத்தை நம்பி மனைவி மக்களை நார்கண்டா வளைவுக்கு அழைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூர்க்கா அவனை ஈர்த்தது. 233 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும், இரண்டு டிஃப் லாக். ஆனால் அதன் எடையும் அகலமும் கின்னோரின் கிராமச் சாலைகளுக்கு அதிகம் என்று எனக்குப் பட்டது. அவன் மனைவியும் ஓட்ட வேண்டும். ஃபோர்ச்சூனர் அவன் சம்பளத்துக்கு வெளியே. கடைசியில் மிஞ்சியவை ஃபோர் பை ஃபோர் தார் டீசலும் ஜிம்னி பெட்ரோலும். தாரின் 226 மில்லிமீட்டர் இடைவெளியும் டீசல் இழுவையும் ஏற்றத்தில் வெல்லும். ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர்தான். 1.5 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜின், காஸா உயரத்தில் திணறும். ஆனால் எடை 1,200 கிலோவை ஒட்டித்தான். தார் அதைவிட ஏறக்குறைய அரை டன் கூடுதல். ஜிம்னியின் டயர் 195 மில்லிமீட்டர் அகலம், தாரில் பெரும்பாலும் 255. அகலமான டயர் ஆழமான புதுப்பனியில் மிதக்கும். கின்னோரில் விழுவது போல ஒரு சாண், இரண்டு சாண் பனிக்குக் குறுகிய டயர் நல்லது. அது பனியைக் கிழித்துக் கீழே உள்ள மண்ணைத் தொட்டுவிடும். ஜிப்ஸியின் வாரிசு என்பதால் இரும்பு அச்சு, ஏணிச்சட்டம், இரண்டாவது கம்பி மூன்றும் அதில் தொடர்கின்றன. குருகிராமில் செய்யும் அதே ஐந்து கதவு ஜிம்னி 2025-லிருந்து ஜப்பானிலும் விற்கிறது.

நான் ஜிம்னி என்றேன், கையால் மாற்றும் கியரோடு. “சாமான் வைக்க இடமே இல்லையே அத்தான்” என்றான். உண்மைதான். பின்சீட்டை நிமிர்த்தினால் இரண்டு பைக்கு மேல் கொள்ளாது. ஓட்டுநரைக் கேட்டோம். எது வாங்கினாலும் மேலே வரலாம் என்றார் அவர். தான் பார்க்கிற வரிசை டயர், எடை, லோ கியர், அப்புறம்தான் மற்றது என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு மச்சினன் ஜிம்னிக்கே பணம் கட்டினான்.

ஏப்ரலில் வண்டி வந்தது. மலைக்குறியுள்ள ஆல் டெரெய்ன் டயரை அதே அளவில் சண்டிகரில் சொல்லிவைத்திருக்கிறான். அக்டோபரில் மாற்றி, வந்த டயரை மார்ச்சில் திரும்பப் போடுவதாக ஏற்பாடு, ரப்பர் வெயிலில் வீணாகாமல் இருக்க. சங்கிலி, இழுவைக் கயிறு, மண்வெட்டி, பத்துக் கிலோ மணல் எல்லாம் பின்சீட்டின் ஒரு பாதியை மடித்து வைத்தால்தான் கொள்கின்றன; மறு பாதியில் மகளுக்கான இருக்கை. ராம்பூர் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் காய்ந்த சிமெண்டுத் தரையில் சங்கிலி மாட்டிப் பழகுகிறார்கள். கையுறை போட்டுக்கொண்டே உட்பக்கக் கொக்கியைப் பிடிக்க அவளுக்கு வந்துவிட்டது, தனக்கு இன்னும் வரவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தான்.